சூரியன் இறங்கியதும் எழுந்து போனவர்கள்

மலாக்கா பண்டார் ஹிலிரில் உள்ள ஒரு காட்சிசாலையில் கம்ப்யூட்டரில் நகரும் படம் செய்கிற பிள்ளைகள் மூன்று பேர், போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு காஜா பேராங் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்தார்கள். ஷாலினி என்ற பெண்தான் பேசினாள். மற்ற இருவரும் என் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே சுற்றுகிறது.

“அங்கிள், நீங்க ஜப்பான்காரன் காலத்துலயே எனிமேஷன் பண்ணீங்களாமே?”

“யாரும்மா சொன்னது?”

“பழைய ஃபைல் ஒன்னுல உங்க பேரு இருக்கு. ஒரு பேஜ் எழுதிக் குடுத்தா போதும் அங்கிள். பாயிண்ட் பாயிண்டா இருந்தா நல்லது லா.”

ஆறு வினாடி அசைவுக்குத் தனக்கு இரண்டு நாள் பிடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். எங்கள் ஆறு வினாடிக்கு இரண்டு கண்ணாடித் தகடு, நான்கு ஆணி, ஒரு ஜப்பான் அதிகாரி தேவைப்பட்டார்கள் என்றேன். அதிகாரியை எங்கே வாங்குவது என்று சிரித்தாள். வாங்க வேண்டியதில்லை, தானாகவே வந்து சேருவார் என்றேன். அவள் கேட்டது ஒரு பக்கம். இது அதில் அடங்காது, பாயிண்ட் பாயிண்டாகவும் வராது. என் வயதில் எதுவுமே பாயிண்டாக வருவதில்லை.

என் படிப்பு சுருக்கமானது. ஜாலான் துக்காங் எமாஸுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சீனர் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில் பதினாறு வயதில் சேர்ந்தேன். முதல் வருஷம் தரை துடைத்தேன். இரண்டாம் வருஷம் கல்யாண மாப்பிள்ளைகளின் முகப்பருவைப் பென்சிலால் மறைத்தேன். மூன்றாம் வருஷம் மணப்பெண்களின் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றினேன். அதோடு கல்வி முடிந்தது. ஊரில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், லாந்தர் படம் காட்டக் கை சுத்தமான ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

லாந்தர் பெட்டி என்றால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கார்பைடு விளக்கு, முன்னால் ஒரு லென்ஸ். நடுவில் இருக்கும் இடுக்கில், கண்ணாடித் தகட்டில் வரைந்த படத்தைச் செருகினால் எதிரே கட்டிய வேட்டியில் ஆள் உயரத்துக்குத் தெரியும். படத்தை நகரவைக்க வேண்டுமானால் இரண்டு தகடு. ஒன்று சட்டத்தில் அசையாமல் நிற்கும், இன்னொன்று அதன்மேல் வழுக்கும். அசையாத தகட்டில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். வழுக்கும் தகட்டில் ஒரு கொசு. தள்ளினால் கொசு இறங்கிவந்து அவன் மூக்கில் உட்காரும். ரப்பர் தோட்டத்துச் சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போய்க் கொசுவலை இல்லாமல் தூங்குவார்கள். சுகாதாரம் பரவியதோ இல்லையோ, கொசுவின் புகழ் பரவியது.

ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாகப் போடும். அதனால் படத்தைத் தலைகீழாகச் செருக வேண்டும். திரையில் கொசு இறங்க வேண்டுமானால் கை மேலே போக வேண்டும், ஏற வேண்டுமானால் கை கீழே வர வேண்டும். இது பழக ஆறு மாதம் ஆகும். பழகிவிட்டால் பிறகு புத்திக்கு வேலை இல்லை, கையே பார்த்துக்கொள்ளும். என் கை ஏழு வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டது.

கடைசிப் படம் எப்போதும் ஒன்றுதான். கிளேபாங் கடற்கரை, மாலை நேரம். கடலைக் கறுப்பாகப் பூசி, அலைகளை ஊசியால் கீறி விட்டிருப்போம். வழுக்கும் தகட்டில் சூரியன். தள்ளத் தள்ள அது கடலுக்குள் இறங்கும். இறங்கும்போது கீறின கோடுகள் வழியாக வெளிச்சம் கசிந்து அலை ஒவ்வொன்றும் மின்னும். கீழே இங்கிலீஷில் ‘குட் நைட்’ என்று எழுதியிருக்கும். சூரியன் முழுகியதும் கூட்டம் முழுவதும் ‘குட் நைட்!’ என்று கத்திவிட்டு எழுந்து போகும். பகல் பதினொரு மணிக்குக் காட்டினாலும் அதே குட் நைட்தான். மலாக்கா வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அதுவாகத்தான் இருக்கும். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் இன்ஸ்பெக்டர் துரை அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

பிறகு மோரி வந்தார். ராணுவக்காரர் அல்ல, சொந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். பிரச்சார அலுவலகத்தின் படப் பிரிவுக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். வாத்தியார்தானே, பிழைத்தோம் என்று நினைத்தேன். வாத்தியார்களிடம் படித்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

லாந்தர் பெட்டியைக் கைப்பற்றிய அன்று அவர் எழுதிய பட்டியல் இன்னும் நினைவிருக்கிறது. பெட்டி ஒன்று. லென்ஸ் ஒன்று. படத் தகடுகள், மரப்பெட்டியோடு. இந்தியன் ஒன்று. அந்த ஒன்று நான். கண்ணாடியில் வர்ணம் தீட்ட ஆள் கேட்டபோது, என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளியிருந்த அபாங் மணியத்தைச் சொன்னேன். அபாங் என்றால் மலாயில் அண்ணன். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான் தெரியும். நான் தமிழில் கோபித்துக்கொண்டால் மலாயில் சமாதானம் வரும். வீட்டில் மனைவி, நாலு பிள்ளைகள், தினமும் மரவள்ளிக்கிழங்கு.

அந்தக் காலத்தில் தமிழனாக இருப்பதே ஆபத்தான உத்தியோகம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை, கடிதமும் போடவில்லை. எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு சீட்டு இருந்தது. ‘இவன் அலுவலகத்துக்குத் தேவைப்படுகிறவன்’ என்று அதில் எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை மோரி அதில் சிவப்பு முத்திரை குத்த வேண்டும். குத்தினால் மலாக்கா, குத்தாவிட்டால் சயாம். மாதக் கடைசி வாரத்தில் நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடுவோம்.

மோரி கத்தமாட்டார். புத்தகத்தில் படித்த மலாயில், எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் பேசுவார். அறைவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். நான் மூக்குக் கண்ணாடி போட்டவன். முதலில் அதைத் தம் கையாலேயே கழற்றுவார். மடிப்பார். இடது கையில் பத்திரமாகப் பிடித்துக்கொள்வார். வலது கையால் அறைவார். பிறகு கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். நான் குனிந்து நன்றி சொல்ல வேண்டும். இவ்வளவு மரியாதையாக அதற்கு முன்னும் பின்னும் என்னை யாரும் அறைந்ததில்லை.

படம் செய்வதற்கும் முறை உண்டு. கட்டம் போட்ட தாளில் பென்சில் வரைபடம், அதற்கு ஒரு முத்திரை. மையில் எழுதிய பிரதி, இரண்டாவது முத்திரை. அளவுகள் குறித்த தாள், மூன்றாவது முத்திரை. கண்ணாடியில் ஏறிய பிறகு இன்னும் மூன்று. இன்றைக்கு ஷாலினி தன் மேலதிகாரி ஏழு தடவை திருத்தச் சொல்கிறார் என்று அலுத்துக்கொள்கிறாள். மோரி திருத்தச் சொல்லமாட்டார். அவர் வரைந்தது திருத்தம் தேவைப்படாதது.

அப்படி அவர் வரைந்து தந்ததுதான் ‘புதிய மலாக்காவின் விடியல்’. சிங்கப்பூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், புதிதாகத் திறக்கும் காட்சிக்கூடத்தில் லாந்தர் காட்சி நடக்கும், கடைசிப் படமாக மலாக்காக் கடலிலிருந்து சிவப்புச் சூரியன் எழ வேண்டும் என்று உத்தரவு. அபாங் மணியம் தாளைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்தார்.

“மத்தஹாரி நாயேக் டாரி லாவுட்?” என்றார். சூரியன் கடலிலிருந்தா ஏறுது என்று கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். மலாக்காவில் கடல் மேற்கே இருக்கிறது. சூரியன் கடலில் விழும், எழாது. எழுவது புக்கிட் சீனா குன்றுப் பக்கம். தினமும் காலையில் எங்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துக் கிழக்கே குனிந்து வணங்கச் சொன்னவரும் இதே மோரிதான். ஆனால் அவர் சொந்த ஊரில் சூரியன் கடலிலிருந்துதான் எழுமாம். கடல் என்றால் கிழக்கு என்று சின்ன வயதில் பதிந்துவிட்டது. அந்த வணக்கத்தையும் இந்தப் படத்தையும் ஒரே தலைக்குள் எப்படி வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய், “துவான், எங்க ஊர்ல சூரியன் அந்தப் பக்கம்…” என்று ஆரம்பித்தேன்.

“நான் பூகோள ஆசிரியர்” என்றார். தாளில் மூன்று முத்திரை விழுந்திருந்தது. மூன்று முத்திரைக்குப் பிறகு சூரியனே நேரில் வந்து சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

அடுத்த கஷ்டம் கண்ணாடி. ஊரில் புதுத் தகடு கிடையாது. வெள்ளைக்கார ராஜா படம் போட்டவற்றையெல்லாம் முதல் வாரமே உடைத்தாயிற்று. அபாங் மணியம்தான் யோசனை சொன்னார். நம்மிடம் கடல் இருக்கிறது, அலை இருக்கிறது, இறங்குகிற சூரியன் இருக்கிறது. ‘குட் நைட்’ எழுத்தைச் சுரண்டிவிட்டு அதையே எதிர்ப்பக்கமாகக் கீழே தள்ளினால் விடியல். எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு வழி இருந்தால் அல்லவா மறுப்பதற்கு. எழுத்தைச் சுரண்டினோம்.

பழைய சூரியன் வெளிறிய மஞ்சள். மோரிக்கு ரத்தச் சிவப்பு வேண்டும். கொடிக்கு அடிக்கிற பெயிண்ட் ஒரு டப்பா கொடுத்தார். கண்ணாடியில் ஒளி ஊடுருவுகிற சாயம்தான் போட வேண்டும், இது கெட்டியான பெயிண்ட் என்றேன். முத்திரை குத்திய டப்பா என்றார். பூசினோம். கையில் வைத்துப் பார்த்தால் அப்படி ஒரு சிவப்பு! மோரியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பெட்டியில் செருகி விளக்கை ஏற்றினோம். ஒளி புகாத பெயிண்ட் நிழலாகத்தானே விழும்? வேட்டித் திரையில், மலாக்காக் கடலுக்கு மேலே, ஆள் உயரத்துக்குக் கன்னங்கரேலென்று ஜப்பானியச் சூரியன் எழுந்து நின்றது.

மோரி என் அருகே வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். மற்றது நடந்தது. நன்றி சொன்னேன்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து ஒரு புட்டி சிவப்பு மருந்து வந்தது, புண்ணுக்குப் போடுவார்களே, அது. ஊரில் கால் அழுகிப்போனவர்களுக்குக் கிடைக்காத மருந்து சூரியனுக்குக் கிடைத்தது. அபாங் மணியம் அதை ஜெலட்டினில் கலந்து தகட்டில் ஊற்றி ஆறவைத்தார். திரையில் ஆரஞ்சுச் சிவப்பில் தகதகவென்று வந்தது. உண்மையைச் சொன்னால், அசல் மாலைச் சூரியன். மோரி திருப்தியோடு மிச்ச மூன்று முத்திரையும் குத்தினார். எங்கள் சீட்டை மட்டும், காட்சி நல்லபடியாக நடக்கட்டும் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

காட்சிக்கூடம் என்பது ஆற்றோரத்துப் பழைய கிடங்கு. குண்டுவீச்சு பயத்தில் தைத்த கறுப்புத் துணிகளை ஜன்னல்களில் மாட்டியதும் காலை பத்து மணிக்கே நல்ல இருட்டு. பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர்கள், கோவில் பக்கத்து ஆட்கள், பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள், எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வராமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை. முன்வரிசையில் பெரிய அதிகாரி வாளை முழங்காலுக்கிடையே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜப்பானிலிருந்து வந்த பத்தொன்பது படமும் நன்றாகப் போயிற்று. கப்பல், விமானம், நெல் வயல், சிரிக்கிற விவசாயி. கடைசிப் படத்தை எடுத்தேன். கடல், அலை, சூரியன். ஏழு வருஷம் என் கைக்குள் புழங்கிய அதே மரச்சட்டம், அதே இடத்தில் அதே சிராய்ப்பு. கை அதை அடையாளம் கண்டுகொண்டது. வழக்கம்போலச் செருகி வழக்கம்போல மேலே தள்ளிற்று.

திரையில் ஜப்பான் சூரியன் அழகாக, நிதானமாக, மலாக்காக் கடலுக்குள் இறங்கியது. அலை ஒவ்வொன்றும் சிவப்பாக மின்னியது. நானே ஒரு கணம் மெய்மறந்து பார்த்தேன். பாதி முழுகிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் கூட்டத்துக்கும் பழக்கம் வந்துவிட்டது. சூரியன் மறைந்ததுதான் தாமதம், கிடங்கு அதிர ‘குட் நைட்!’ என்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். பிள்ளைகள் ஓடவே ஆரம்பித்தார்கள்.

“மாத்தி கித்தா, அடிக்” என்றார் அபாங் மணியம் என் காதில். செத்தோம் தம்பி என்றால் அது அன்றைக்கு வெறும் பேச்சு அல்ல. பூட்டிய மேசை இழுப்பறைதான் கண்முன் நின்றது. அவருடைய நாலு பிள்ளைகளை நினைத்தேன். செய்தது என் கை, போகப்போவது அவரும்தான்.

பெரிய அதிகாரி எழுந்து மோரியிடம் ஏதோ கேட்டார். மோரியின் முகம் வேட்டித் திரையைவிட வெளுத்திருந்தது. அவர் எங்களை நோக்கித் திரும்பினார். நான் என் மூக்குக் கண்ணாடியை நானே கழற்றிக்கொண்டேன். அப்போதுதான், நாளுக்கு நாலு வார்த்தைக்குமேல் பேசாத அபாங் மணியம் வாயைத் திறந்தார். மலாயில் அவர் சொன்னது இதுதான்.

“அது இங்கிலீஷ்காரன் சூரியன், துவான். அஸ்தமிக்காதுன்னு சொன்னான் இல்ல? அஸ்தமிச்சுப் போச்சு. அவனுக்கு அவன் பாஷையிலயே சனங்க குட் நைட் சொல்றாங்க.”

மோரி அதிகாரியிடம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினார். அதிகாரி கடகடவென்று சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டார். இங்கிலீஷ் சூரியன் மறைந்தால் ஆசியாவின் சூரியன் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் மோரி உடனே கூட்டத்தைப் பார்த்து, கிழக்கே திரும்பி வணங்கும்படி ஆணையிட்டார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடின இடத்திலேயே திரும்பிக் குனிந்தார்கள். கிடங்கின் கிழக்குச் சுவரில் நாலு துடைப்பமும் ஒரு வாளியும் சாத்தியிருந்தன. மலாக்கா மாநகரமே அவற்றை வணங்கியது.

அன்று மாலை எங்கள் சீட்டுகளில் முத்திரை விழுந்தது. படத்தின் பெயர் ‘பழைய உலகின் அஸ்தமனம்’ என்று மாறியது, அதற்கும் ஆறு முத்திரை. புது விதிகளைக் கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசிப் படத்தில் சூரியன் இறங்க வேண்டும். சனங்கள் எழுந்து குட் நைட் சொல்ல வேண்டும். கிழக்கே வணங்க வேண்டும். கலைந்து போக வேண்டும். கடைசிப் படம் எக்காரணம் கொண்டும் விடுபடக் கூடாது. ஏழு வருஷமாகச் சனங்கள் தாங்களாகவே செய்ததை இனிமேல் சட்டப்படி செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பின் தோட்டம் தோட்டமாக அனுப்பினார்கள். பாதுகாப்புக்கு இரண்டு சிப்பாய்கள் கூட வருவார்கள். நாங்கள் இறங்கினால் கங்காணி சனங்களைச் சேர்த்துவிடுவார். ரப்பர் ஷீட்டு உலர்த்துகிற புகைவீட்டில் காட்சி. அதற்கு ஜன்னலே கிடையாது, பட்டப்பகலில் இருட்டு. கொசுப் படத்தையும் மோரி அனுமதித்திருந்தார், கொசுவுக்கு நாடு கிடையாது என்று.

ஒரு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் காலை, அன்றைய தோட்டத்துக்கான நிகழ்ச்சித் தாளைக் கொடுத்தார்கள். மோரியின் கையெழுத்து, மலாயில், வரிக்கு வரி எண் போட்டு. பதினொரு மணிக்குக் காட்சி ஆரம்பம். பத்தொன்பது படம். அதன் கீழே புதிதாக இரண்டு வரி. லாரி ஐந்து, பன்னிரண்டு மணி. கதவு வெளியிலிருந்து அடைக்கப்படும். அதற்குப் பிறகுதான் கடைசிப் படம்.

எங்கள் சாமானுக்கு அரை லாரி போதும். சனங்களோ லயத்திலிருந்து நடந்து வருகிறவர்கள், கூப்பிடுகிற தூரம். தாளை அபாங் மணியத்திடம் நீட்டினேன். அவர் மூன்று தரம் படித்தார்.

“சயாம்” என்றார்.

புகைவீடு நிறைந்திருந்தது. ஆண்கள்தான் அதிகம், கங்காணி அப்படித்தான் அழைத்து வந்திருந்தார். அவர் என் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் காது ஜப்பான்காரன் பக்கம் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வெளியே இரண்டு சிப்பாய்களும் பால்மரத்தடியில் புகைத்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முதலில் நானும் அபாங் மணியமும் போவோம், பிறகு சனங்களும் போவார்கள். கப்பல் காட்டினேன். விமானம் காட்டினேன். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டாவது படமாக நெல் வயல் போய்க்கொண்டிருந்தது. அபாங் மணியம் அடுத்த படத்தை எடுத்து நீட்டினார். சட்டத்தைத் தொட்டதும் என் கைக்குத் தெரிந்துவிட்டது. இருட்டில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

செருகினேன். மேலே தள்ளினேன்.

சூரியன் இறங்கியது. சனங்கள் ‘குட் நைட்!’ என்று கத்தினார்கள். எழுந்தார்கள். கிழக்கே குனிந்தார்கள். வாசலில் சிப்பாய்களும் விதிப்படி விறைத்து நின்றார்கள். அவர்களுக்கு விதி தெரியும், எண்ணிக்கை தெரியாது. சனங்கள் அவர்களைத் தாண்டி வெயிலில் கலைந்து போனார்கள். கங்காணி மட்டும், “என்னப்பா, சீக்கிரம் முடிஞ்சிருச்சு?” என்றார். கார்பைடு நமுத்துப் போச்சு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நெஞ்சுப் பாரம் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். முன்னால், வேட்டித் திரைக்குக் கீழே, ஏழெட்டுப் பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“படம் முடிஞ்சிருச்சு. எந்திரிச்சுப் போங்க” என்றேன்.

“என்னா தம்பி முடிஞ்சது?” என்றார் நடுவில் இருந்த ஒருவர். முனியாண்டி என்று பெயர், அடுத்த தோட்டத்துக்கு நாங்கள் போனாலும் நடந்து வந்து பார்க்கிறவர். “இருவது படம்னாங்க. நான் எண்ணிக்கிட்டேதான் இருக்கேன். கொசு இன்னும் வரலயே.”

“இன்னிக்குக் கொசு கிடையாது. போங்கண்ணே.”

“கொசு இல்லாம எப்படிப் போறது? அதுக்காகத்தானே வந்தோம். நாங்க இருக்கோம், நீங்க மெதுவா விளக்க சரி பண்ணுங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். குரலை உயர்த்த முடியவில்லை. குனிந்து கையைப் பிடித்து இழுத்தேன். விளையாட்டென்று நினைத்து அவர் என் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அபாங் மணியம் விளக்கை அணைத்தார், திரையை அவிழ்த்தார், பெட்டியை மூடினார். இருட்டில் அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், பொறுமையாக, நல்ல மனசோடு. பிறகு லாரிச் சத்தம் கேட்டது.

மோரி இறங்கி வந்தார். பின்னால் ஐந்து காலி லாரி. நிகழ்ச்சித் தாளைக் கேட்டார். எத்தனை படம் என்றார். பதின்மூன்று என்றேன். கார்பைடு நமுத்திருந்தது, விளக்கு தாங்காது என்று பட்டது, கடைசிப் படம் எக்காரணம் கொண்டும் விடுபடக் கூடாது என்ற விதியின்படி அதை முன்னால் போட்டுவிட்டேன் என்றேன். விதித் தாளை எடுத்து நீட்டினேன். அதில் அவருடைய முத்திரை இருந்தது. அவர் அதை நீண்ட நேரம் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தம் முத்திரையை மறுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறகு புகைவீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

அவர்களை முதல் லாரியில் ஏற்றினார்கள். முனியாண்டி ஏறும்போதுகூட என்னைப் பார்த்து, “வந்து பாத்துக்கிறேன் தம்பி, கொசுவ பத்திரமா வெச்சிருங்க” என்றார். எங்கேயோ அரை நாள் வேலைக்கு என்று நினைத்திருக்கிறார்.

அவர் திரும்பி வரவில்லை. அந்த லாரியில் போன யாரும் வரவில்லை. கலைந்து போனவர்களில் சிலரை அடுத்த மாதம் வேறு வழியில் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன், சிலர் காட்டுக்குள் போய்ப் பிழைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எங்கள் சீட்டுகளில் ஜப்பான்காரன் போகிற மாதம் வரை முத்திரை விழுந்துகொண்டிருந்தது. யாரையோ காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. கடமைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் சூரியன் இறங்கியதும் எழுந்து போனார்கள். என் படம் பிடித்துப்போனவர்கள் லாரியில் ஏறினார்கள்.

பிறகு முப்பது வருஷம் அரசாங்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் செய்தேன். படம் ஓடும்போதே பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடினால், என்னோடு வேலை செய்தவர்களுக்கு முகம் சுருங்கும், எனக்கு நிம்மதியாக இருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்து, “சார், இன்னொரு தடவ போடுங்க சார்” என்று கேட்டால்தான் பயம் வரும். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, முதலில் வாசலுக்குப் போய் வெளியே என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன்.